எண்பதும் இருபதும்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஜேம்ஸ் ஆறு செசபீக் வளைகுடாவில் வந்து விழும் இடத்தில் ஒரு மணல்முனை நீண்டிருக்கிறது. 1607இல் வந்த ஆங்கில மாலுமிகள், கப்பல் தரைதட்டாமல் போக ஆழமான நீர்த்தடம் கிடைத்த நிம்மதியில் அதற்கு 'பாயின்ட் கம்ஃபர்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஆறுதல் முனை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1619 ஆகஸ்ட் கடைசியில், 'வைட் லயன்' என்ற கொள்ளைக் கப்பல் இங்கே நங்கூரமிட்டது. அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து மெக்சிகோவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு போர்ச்சுகீசிய அடிமைக் கப்பலை மறித்துப் பிடுங்கிய 'சரக்கு' அதில் இருந்தது: இருபதுக்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்கள். உணவுப் பண்டங்களுக்கு ஈடாக அவர்கள் கைமாறினார்கள் என்று லண்டனுக்குக் கடிதம் எழுதியவர் ஜான் ரால்ஃப். போகஹான்டஸை மணந்தவர் என்று பலருக்கும் தெரிந்த அதே ரால்ஃப்தான்.

இப்போது அந்த முனையில் நிற்பது மன்ரோ கோட்டை. 1834இல் கட்டி முடித்த கற்கோட்டை, சுற்றிலும் அகழி. கல் சுமந்தவர்களில் அடிமைகளும் உண்டு. உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்ட 1861இல், மே மாத இரவொன்றில் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகு வலித்து இந்தக் கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். அவர்களைத் திருப்பித் தர முடியாது, எதிரியின் உடைமையாதலால் பறிமுதல் என்றார் கோட்டையிலிருந்த வடக்குப் படையின் தளபதி பட்லர். வழி திறந்தது தெரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் பின்னால் வந்தார்கள். அடிமைமுறை கரையிறங்கிய இடமும் அது உடையத் தொடங்கிய இடமும் ஒன்றே என்பதை இங்குள்ள எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். ஆனால் 242 ஆண்டுகள் நீண்ட அந்தக் கதையின் முடிச்சு, முதல் 86 ஆண்டுகளிலேயே இறுகிவிட்டது. 1619இல் இந்த முனையில் இறங்கியவர்களுக்கு என்ன நிலை என்று சொல்ல வர்ஜீனியாவில் சட்டமே இல்லை. 1705இல் எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது. இடையில் நடந்தவற்றின் தடயங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒன்றிரண்டு நாள் கார்ப் பயணத்துக்குள் அடங்கிவிடும்.

வடக்கே போனால் முதலில் வருவது யார்க்டவுன். 1781 அக்டோபர் 19இல் வாஷிங்டனிடம் ஆங்கிலப் படை ஆயுதம் வைத்த ஊர். உடல்நலமில்லை என்று சொல்லி அன்று வெளியே வராமல் இருந்துவிட்ட தளபதி கார்ன்வாலிஸ், அடுத்து இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தார். 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் சேலம், பாராமகால் பகுதிகளையும் பிடுங்கியவரும் அவரே. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய பளிங்குச் சிலை இருக்கிறது. யார்க்டவுனைப் பற்றி இந்தப் பயணத்துக்கு இவ்வளவு போதும்.

யார்க்டவுனிலிருந்து வில்லியம்ஸ்பர்க் வழியாக ஜேம்ஸ்டவுன் வரை போகும் சாலைக்குக் 'காலனியல் பார்க்வே' என்று பெயர். 37 கிலோமீட்டர். கூழாங்கல் தெரியும் கான்கிரீட் தளம். அதன் மேல் டயர் உரசும் ஓசை கடைசிவரை கூடவே வரும். விளம்பரப் பலகை கிடையாது, கடை கிடையாது, லாரிகளுக்கு அனுமதி கிடையாது. வில்லியம்ஸ்பர்க் ஊருக்கு அடியில் சுரங்கமாகப் போய் மறுபுறம் வெளிவருகிறது. பழங்காலத்துக்குள் போகும் உணர்வு வரவேண்டும் என்றே இருபதாம் நூற்றாண்டில் திட்டமிட்டுப் போட்ட சாலை இது. காடும் சதுப்பும் மட்டும் கண்ணில் படுவதால், மனிதர்களே இல்லாத நிலத்துக்கு ஆங்கிலேயர் வந்து சேர்ந்தது போன்ற தோற்றமும் கூடவே கிடைத்துவிடுகிறது. உண்மையில் இந்தச் சாலை நெடுக பவ்ஹாட்டன் பூர்வகுடிக் கூட்டமைப்பின் ஊர்களும் சோளக்கொல்லைகளும் இருந்தன.

ஜேம்ஸ்டவுன் ஒரு தாழ்ந்த தீவு. குடிக்க உவர்நீர், சுற்றிலும் கொசு. 1607இல் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே நியாயம், கப்பலைக் கரையோர மரத்திலேயே கட்டலாம் என்பதுதான். இப்போது ஆறு உயர்ந்து தீவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. தரைக்கு மேல் பதினேழாம் நூற்றாண்டில் மிச்சம் என்று சொல்ல ஒரு செங்கல் தேவாலயக் கோபுரம் நிற்கிறது. அதை ஒட்டி 1907இல் எழுப்பிய நினைவுத் தேவாலயத்துக்குள், தரையில் பதித்த கண்ணாடிக்குக் கீழே கல் வரிசை ஒன்று தெரிகிறது. 1617இல் கட்டிய மரத் தேவாலயத்தின் அடித்தளம் அது.

இந்தச் சிறிய இடத்தில்தான் 1619 ஜூலை 30 அன்று 22 பிரதிநிதிகள் ஆளுநர் ஜார்ஜ் யார்ட்லியோடு கூடினார்கள். வட அமெரிக்காவில் ஆங்கிலேயரின் முதல் சட்டப் பேரவை. வெக்கை தாங்காமல் ஆறே நாளில் முடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் உறுப்பினர் ஒருவர் இறந்தே போனார். அதே ஆகஸ்ட் முடிவதற்குள் 'வைட் லயன்' வந்தது. வந்த ஆப்பிரிக்கர்களில் சிலரை வாங்கியவர்களில் ஆளுநர் யார்ட்லியும் ஒருவர்.

கோபுரத்திலிருந்து ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தால் அகழ்வாய்வு செய்த ஒரு மனை. கேப்டன் வில்லியம் பியர்ஸின் வீடு இருந்த இடம். 1625ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த வீட்டாரின் பட்டியலில் 'ஆஞ்செலோ, ஒரு நீக்ரோப் பெண்' என்று ஒரு வரி வருகிறது. குடும்பப் பெயர் இல்லை, வயது இல்லை. வந்த கப்பலின் பெயர் மட்டும் இருக்கிறது. இன்று ஆஞ்சலா என்று அழைக்கப்படும் அவரைப் பற்றி எழுத்தில் மிஞ்சியது மிகக் கொஞ்சமே. அவர் பெயரிலேயே அந்த மனை இப்போது அறியப்படுகிறது.

ஆள் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்பது அன்றைய விதி. அதனால் பட்டியல்கள் நிறைய மிஞ்சியிருக்கின்றன. ஜார்ஜ் மெனஃபி என்ற வணிகர் நிலம் கேட்டு 1635இல் கொடுத்த பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒருவர். இந்தியாவின் பக்கமிருந்து வர்ஜீனியா மண்ணில் பதிவான முதல் ஆள் அவர் என்று கருதப்படுகிறது. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பிருந்தா சாரி 2023இல் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அதில் டோனி சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்டவன்.

அக்காலத்தில் புகையிலைக் கொல்லையில் வேலை செய்தவர்களில் மிகப் பலர் கருப்பர்கள் அல்ல. இங்கிலாந்திலிருந்து நான்கைந்து, ஏழு ஆண்டுக் கணக்கில் கையெழுத்திட்டு வந்த ஒப்பந்தக் கூலிகள். ஃபிஜிக்கும் மொரீசியசுக்கும் ஆள் போன கதை தெரிந்த தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. கருப்பரும் வெள்ளையரும் ஒரே குடிசையில் படுத்தார்கள், சேர்ந்து ஓடினார்கள், பிடிபட்டால் சேர்ந்து அடி வாங்கினார்கள். 1621இல் வந்த ஆந்தனி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கர் விடுதலை பெற்று, வளைகுடாவின் கிழக்குக் கரையில் 250 ஏக்கருக்குச் சொந்தக்காரரே ஆனார்.

ஆனால் 1640இல் ஜேம்ஸ்டவுன் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு வேறு திசை காட்டுகிறது. ஒரே எசமானரிடமிருந்து மேரிலாந்துக்கு ஓடிய மூன்று பேர்: ஒரு டச்சுக்காரர், ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஜான் பஞ்ச் என்ற கருப்பர். மூவருக்கும் 30 கசையடி. முதல் இருவருக்கும் கூடுதலாக நான்கு ஆண்டு ஊழியம். பஞ்சுக்கு ஆயுள் முழுக்க. காரணமென்று எதையும் நீதிமன்றம் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் புரிந்திருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அதற்குப் பிறகு எழுத்திலும் வந்தது. ஆங்கிலத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்த எலிசபெத் கீ, தந்தையின் நிலையே தன் நிலை என்று வாதாடி 1656இல் விடுதலை பெற்றார். ஆங்கிலச் சட்டத்தில் பிள்ளை தகப்பன் வழிதான், தீர்ப்பில் பிழையில்லை. ஆறே ஆண்டில் பேரவை அந்த வாசலை அடைத்தது: 1662 முதல் குழந்தை தாயின் நிலையைப் பெறும். எசமானர் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையும் அவர் சொத்துக் கணக்கில் சேரும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்றது 1667இன் சட்டம். நிலமில்லாத வெள்ளையரின் ஓட்டுரிமை 1670இல் பறிபோனது. ஆந்தனி ஜான்சன் இறந்தபின் ஒரு ஜூரி, அவர் நீக்ரோ, ஆகவே அந்நியர் என்று சொல்லி அவருடைய பழைய நிலத்தை எடுத்துக்கொண்டது.

இந்த இறுக்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர் ஆளுநர் வில்லியம் பெர்க்லி. தனக்குத் தோதான பேரவை அமைந்துவிட்டதால் 14 ஆண்டுகள் தேர்தலே நடத்தவில்லை. புகையிலை விலை சரிந்தது, தலைவரி ஏறியது. 1671இல் லண்டனுக்கு அவர் கொடுத்த கணக்கில் காலனியின் மக்கள் 40,000 பேர். அதில் ஒப்பந்த ஊழியர் 6,000, கருப்பின அடிமைகள் 2,000. தவணை முடிந்த ஊழியர்களுக்கு நிலம் கிடைத்தது எல்லையில், பூர்வகுடிகளின் தலைமாட்டில்.

நெருப்புப் பற்றியது பன்றிகளால். 1675 ஜூலையில், தாமஸ் மேத்யூ என்ற பண்ணையார் பாக்கி தரவில்லை என்று டோக் குடியினர் அவருடைய பன்றிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். கொலைக்குக் கொலை. பழிவாங்கப் போன படை, ஆள் மாறி, நட்பாயிருந்த சஸ்குவஹனாக்குகளைக் கொன்றது. பிறகு பேச்சுவார்த்தைக்கு வந்த அவர்களுடைய தலைவர்களையும் கொன்றது. எல்லைப்புறம் எரியத் தொடங்கியதும் பெர்க்லி கோட்டை கட்டுவோம் என்றார். எல்லைக்காரர்களுக்கு வேண்டியது படையெடுப்பு. கோட்டை என்றால் இன்னும் வரி. அவர்களுக்குத் தலைவராக வாய்த்தவர் நத்தானியேல் பேகன். 29 வயது, கேம்பிரிட்ஜில் படித்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, போதாததற்கு ஆளுநர் மனைவியின் உறவுக்காரர். ஆளுநர் அனுமதியில்லாமல் படை திரட்டிப் போன பேகன், தனக்கு உதவிய ஒக்கனீச்சி குடியினரையே கொன்று திரும்பினார். வர்ஜீனியாவின் பழைய புத்தகங்கள் இவரை விடுதலைப் போரின் முன்னோடி என்று கொண்டாடியதைப் படிக்கும்போது இந்த ஒரு தகவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1676 ஜூனில் ஜேம்ஸ்டவுனில் நடந்தவற்றைப் பன்றிக்காரர் மேத்யூவே எழுதி வைத்திருக்கிறார். அவரும் அப்போது பேரவை உறுப்பினர். பாமுங்கீ குடியின் அரசி காக்ககோஸ்கி அவைக்கு அழைக்கப்பட்டார். தலையில் கருப்பும் வெள்ளையுமாகச் சிப்பிமணிப் பட்டை, தோளிலிருந்து கால்வரை தொங்கும் மான்தோல் மேலாடை, ஒரு பக்கம் மொழிபெயர்ப்பாளர், இன்னொரு பக்கம் மகன். எத்தனை வீரர் தருவீர்கள் என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதும் குரலை உயர்த்தி ஆவேசமாகப் பேசத் தொடங்கினார். அதில் அவைக்குப் புரிந்தது, இருபது ஆண்டுக்கு முன் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டுச் செத்த அவர் கணவர் டோட்டோபோட்டமாயின் பெயர். அந்தச் சாவுக்கு ஈடாக எதுவும் வரவில்லை. அவைத்தலைவர் அனுதாபமாக ஒரு வார்த்தை சொல்லாமல் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். ஆறு என்றார் அரசி. நெருக்கியதும் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சில நாளில் பேகன் ஆயுதம் தாங்கிய சுமார் 500 பேரோடு வந்து அரசு மாளிகையை வளைத்தார். எழுபது வயது பெர்க்லி வெளியே வந்து மார்புத் துணியை விலக்கிச் சுடு என்றார். பேகனின் ஆட்கள் துப்பாக்கிகளைச் சன்னல் பக்கம் திருப்பினார்கள். மாடியிலிருந்து ஓர் உறுப்பினர் கைக்குட்டையை ஆட்டி, கேட்டது கிடைக்கும் என்று கத்தினார். பேகனுக்குத் தளபதிப் பதவி கிடைத்தது. அந்தப் பதவியை வைத்துக்கொண்டு அவர் விரட்டியது, ஒப்பந்தம் செய்து அமைதியாயிருந்த பாமுங்கீகளைத்தான். சதுப்புக்காட்டில் அவர்களை வேட்டையாடி 45 பேரைச் சிறைபிடித்தார். தன் பக்கம் சேரும் ஊழியர்களுக்கும் அடிமைகளுக்கும் விடுதலை என்று அவர் அறிவித்தது செப்டம்பரில். பெர்க்லியும் எதிரிகளின் ஊழியர்களுக்கு அதே ஆசையைக் காட்டினார். எசமானர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட அந்தச் சில வாரங்களில் விடுதலை என்ற சொல் இரண்டு பக்கமும் சில்லறையாகப் புழங்கியது. செப்டம்பர் 19 அன்று ஜேம்ஸ்டவுன் முழுக்கக் கொளுத்தப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களில் லாரன்ஸும் டிரம்மண்டும் தம் சொந்த வீடுகளுக்குத் தாமே தீ வைத்தார்கள்.

தீவுக்கு அருகிலிருந்து அக்கரைக்கு மாநில அரசு ஃபெரி விடுகிறது. காருக்கும் ஆளுக்கும் கட்டணமில்லை, இரவு பகல் ஓடும். கடக்கக் கால் மணி நேரம். படகுகளில் சிலவற்றுக்குப் போகஹான்டஸ், பவ்ஹாட்டன் என்று பெயர். கடற்காகங்கள் பின்தொடர்ந்து வரும். அக்கரை சர்ரி மாவட்டம். வேர்க்கடலைக் கொல்லைகளுக்கும் பன்றி இறைச்சிக்கும் பேர்போன ஊர்கள். அங்கே வயல்களுக்கு நடுவில் 'பேகன் கோட்டை' என்ற செங்கல் வீடு திடீரென்று நிற்கிறது. 1665இல் ஆர்தர் ஆலன் கட்டியது. வளைந்து வளைந்து ஏறும் முகப்புச் சுவர்களும், மூலைவாட்டில் திருகி வைத்தது போன்ற மும்மூன்று புகைபோக்கிகளும் இங்கிலாந்திலேயே அப்போது பழம்பாணியாகிவிட்டவை. பெயர்தான் பேகனுடையது, பேகன் இதில் ஒரு நாளும் தங்கியதில்லை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அவருடைய ஆட்கள் சுமார் 70 பேர் இதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆலன் வீட்டு மாட்டையும் தானியத்தையும் தீர்த்தார்கள். திரும்பி வந்த மகன் ஆலன் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். வளாகத்தில் 1829இல் கட்டிய அடிமைக் குடியிருப்பு ஒன்றும் இருக்கிறது. பெரிய வீட்டைப் பார்த்தவர்கள் அந்த மரவீட்டுக்குள்ளும் போய்ப் பார்ப்பது நல்லது.

பேகன் அக்டோபர் 26இல் சீதபேதியால் இறந்தார். உடலில் பேன் மொய்த்திருந்ததாம். பெர்க்லி தோண்டி எடுத்துத் தொங்கவிடுவார் என்று பயந்து சடலத்தை மறைத்துவிட்டார்கள். இன்றுவரை கல்லறை இல்லை.

திரும்ப ஆற்றைக் கடந்து வடக்கே போனால், பாமுங்கீ, மட்டபோனி என்ற இரு ஆறுகள் கூடி யார்க் ஆறாகும் முனையில் வெஸ்ட் பாயின்ட். இப்போது அது காகித ஆலை ஊர். ஆலையின் வாடை ஊருக்கு முன்பே வந்து வரவேற்கும். 1677 ஜனவரியில் கிளர்ச்சியின் கடைசிப் படை இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஆளுநருக்காகச் சமரசம் பேசப் போன கப்பல் தலைவர் தாமஸ் கிராந்தம் பார்த்தது, ஆயுதம் தாங்கிய சுமார் 400 ஆங்கிலேயரும் கருப்பர்களும். பிராந்தி ஊற்றினார், மன்னிப்பு என்றார், விடுதலை என்றார். பெரும்பாலோர் கலைந்தார்கள். கடைசிவரை ஆயுதத்தைத் தராமல் நின்றவர்கள் கருப்பர் 80 பேர், ஆங்கிலேயர் 20 பேர். அவர்களை ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரு கோட்டைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிப் படகில் ஏற்றினார் கிராந்தம். நடு ஆற்றில், தன் கப்பலின் பீரங்கிக்கு எட்டும் தூரம் வந்ததும், ஆயுதத்தைக் கீழே போடாவிட்டால் மூழ்கடிப்பேன் என்றார். போட்டார்கள். அடிமைகளும் ஊழியர்களும் அவரவர் எசமானரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். கிராந்தத்தின் எழுத்தில் அந்த நூறு பேரும் எண்ணிக்கையாகத்தான் இருக்கிறார்கள்.

பெர்க்லி 23 பேரைத் தூக்கிலிட்டார். மன்னர் அனுப்பிய ஆணையர்கள் ஆயிரம் சிப்பாய்களோடு வந்து நிறுத்தச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் அவர் மாளிகைக்கு விடைபெறப் போய்த் திரும்பியபோது, ஆளுநரின் மனைவி ஏற்பாடு செய்த வண்டியின் குதிரையை ஓட்டி வந்தவர் ஊர்த் தூக்குப்போடுபவர். ஆணையர்கள் அதை அவமதிப்பாக எழுத்தில் பதிந்தார்கள். கணக்குச் சொல்ல லண்டனுக்குப் போன பெர்க்லி, மன்னரைப் பார்க்காமலே அந்த ஜூலையில் இறந்தார்.

வெஸ்ட் பாயின்டுக்கு மேலே, பாமுங்கீ ஆறு வளைந்து சூழும் சுமார் 1,200 ஏக்கர் நிலத்தில் காக்ககோஸ்கியின் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். 1677 மே மாத ஒப்பந்தத்தில் அரசி தன் குறியிட்டு மன்னரின் ஆட்சியை ஏற்றார். பதிலுக்கு நிலம் மிஞ்சியது. ஆண்டுதோறும் 20 பீவர்த்தோல் காணிக்கை என்று அதில் எழுதியிருந்தது. இப்போதும் நவம்பரில், நன்றி நாளுக்கு முந்திய புதன்கிழமை, ரிச்மண்டில் ஆளுநர் மாளிகை வாசலில் வேட்டையாடிய மானைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒப்பந்தத்தை எங்கள் பக்கம் மீறவில்லை என்று ஆண்டுக்கொரு முறை அரசுக்கு நினைவூட்டும் வழி அது. அமெரிக்க மத்திய அரசின் அங்கீகாரம் அவர்களுக்கு 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கடைசி ஊர் வில்லியம்ஸ்பர்க். அன்று 'மிடில் பிளான்டேஷன்'. பேகனின் ஆட்கள் உறுதிமொழி எடுத்தது, டிரம்மண்ட் தூக்கில் தொங்கியது, காக்ககோஸ்கி ஒப்பந்தம் போட்டது எல்லாம் இங்கேதான். 1699இல் தலைநகரம் இங்கே மாறியது. 1926 முதல் ராக்ஃபெல்லர் பணத்தில் ஊரையே பதினெட்டாம் நூற்றாண்டுக்குத் திருப்பினார்கள்: கொல்லர் பட்டறை, விக் கடை, குதிரை வண்டி. அன்று ஊரில் பாதிப்பேர் கருப்பர்கள். அவர்களைக் காட்ட இந்தக் காட்சியூருக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. 1994இல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது எதிர்ப்பும் கண்ணீரும் கலந்து பெரிய சர்ச்சையானது.

வரலாற்றாசிரியர் எட்மண்ட் மார்கன் 1975இல் எழுதிய நூலில் சொன்னது, கிளர்ச்சியில் ஏழை வெள்ளையரும் கருப்பரும் சேர்ந்ததைக் கண்ட பயமே நிறவெறியைச் சட்டமாக்கியது என்பது. 1662இலும் 1667இலும் பேரவை செய்ததைப் பார்த்தால், பாதை முன்பே போட்டாகிவிட்டது என்று மறுப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து கூலி ஆள் வரத்து குறைந்ததும், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்கள் பெருகியதும் வேறு காரணங்கள். ஆனால் 1676க்குப் பின் வந்த சட்டங்களின் குறி மாறுகிறது. கருப்பரை அழுத்துவதோடு நிற்காமல், வெள்ளை ஏழையைத் தனியே பிரித்து ஒரு படி மேலே உட்கார வைக்கின்றன. 1680: அடிமை தடிகூட எடுக்கக்கூடாது, சீட்டில்லாமல் வெளியே போகக்கூடாது. 1691: வெள்ளையர் கருப்பரையோ பூர்வகுடியையோ மணந்தால் நாடுகடத்தல்.

டியூக் ஆஃப் க்ளாஸ்டர் தெருவின் கிழக்கு முனையில் இரட்டை வளைகோபுர முகப்போடு நிற்கும் சட்டமன்றக் கட்டடம், 1705இல் முடிந்த முதல் கட்டடத்தைப் போலவே மறுபடி எழுப்பியது. அந்த ஆண்டு அக்டோபரில் கூடிய பேரவை, சிதறிக் கிடந்த விதிகளை எல்லாம் திரட்டி ஊழியர்களுக்கும் அடிமைகளுக்குமான சட்டத்தை இங்கே இயற்றியது. வெள்ளைக் கிறித்துவ ஊழியரை உடை களைந்து கசையால் அடிக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். கண்டிக்கும்போது அடிமை செத்தால் எசமானர்மேல் குற்றமில்லை. தவணை முடித்துப் போகும் ஆண் ஊழியருக்குப் பத்து புஷல் சோளம், 30 ஷில்லிங், அதோடு 20 ஷில்லிங்குக்குக் குறையாத ஒரு துப்பாக்கி. அடிமைகள் தமக்கென்று வளர்த்து அடையாளமிட்ட குதிரை, மாடு, பன்றி எல்லாவற்றையும் தேவாலய நிர்வாகிகள் பறித்து விற்க வேண்டும். விற்ற பணம் அந்தந்தப் பங்கின் ஏழைகளுக்கு.